இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வேலைக்கு எந்தக் கல்லூரி? கேள்வி பதில்

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்பது நிறுவனங்களுக்குப் பங்கு வெளியீடு, இணைப்பு போன்றவற்றை நடத்திக் கொடுக்கும் வேலை. மும்பையில் இந்தப் பணிகளில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி: பி.காம். எங்கே சேர்ந்தால் நேராக இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆகலாம்?

இளங்கலை முடித்த கையோடு இந்த வேலைக்குள் நுழையும் வழி இந்தியாவில் மிகக் குறுகலானது. டெல்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி போன்ற மிகச் சில இடங்களில் வங்கிகள் இளங்கலை மாணவர்களையும் எடுக்கின்றன. 2022 முதல் டெல்லி பல்கலைக்கழகத்தின் இளங்கலைச் சேர்க்கை கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடப்பதால், திருநெல்வேலியில் இருந்தபடியே நீங்கள் அதற்கு முயலலாம். கிடைத்தால் தயங்காமல் போங்கள். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். இந்த வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் முன்னணி எம்.பி.ஏ. நிறுவனங்களிலிருந்தும் சி.ஏ. முடித்தவர்களிலிருந்தும்தான். ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நேர்முகத்துக்கு அழைக்கும்போது, கேட் (CAT) என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஆகவே சென்னையிலோ மதுரையிலோ கணக்குப் பதிவியலையும் புள்ளியியலையும் ஒழுங்காகக் கற்பிக்கும் கல்லூரியில் சேர்ந்து, மூன்று ஆண்டும் மதிப்பெண் சரியாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் முதல் வேலை.

ஒரு தந்தை, கோவை: ஒரு தனியார் கல்லூரியின் கையேட்டில், உலகப் பெரும் முதலீட்டு வங்கிகளில் தங்கள் மாணவர்கள் பலருக்கு வேலை கிடைத்ததாகப் போட்டிருக்கிறார்கள். கட்டணம் அதிகம். நம்பிச் சேர்க்கலாமா?

ஐயா, வந்த கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரே வங்கியின் பெயரில் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் அமர்ந்து, ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, அதன் பங்கு வெளியீட்டையோ விற்பனையையோ நடத்திக் கொடுப்பது ஒன்று. சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள பெரிய மையங்களில் பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பது, வாடிக்கையாளர் ஆவணங்களை ஆராய்வது, ஃபண்டுகளின் கணக்கை முடிப்பது மற்றொன்று. இரண்டாவதும் மரியாதையான, நிலையான வேலைதான். பல குடும்பங்களை நிமிர்த்தியிருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை கேட்பது முதலாவதை என்றால், இரண்டாவதைக் காட்டி முதலாவதற்கான கட்டணத்தை வாங்குவது நியாயமில்லை.

என் அக்கா மகளுக்கு இது நேர்ந்தது. கல்லூரிச் சுவரொட்டியில் ஓர் அமெரிக்க வங்கியின் சின்னம் பெரிதாக இருந்தது. பணி ஆணை கைக்கு வந்தபோது பதவியின் பெயர் ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட், வேலை நேரம் பிற்பகலில் தொடங்கி நள்ளிரவு வரை. அன்று மாலை அந்தத் தாளை அவள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் வங்கியின் பெயரைக் கேட்காதீர்கள். பதவியின் பெயர், பணியிடம், எந்தத் துறை, எத்தனை பேர், சம்பளத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை) ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். மிக உயர்ந்த ஒரு சம்பளத்தை மட்டும் சொல்லி மற்றதை மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பொறியியல் மாணவர், திருச்சி: எந்த எம்.பி.ஏ. நிறுவனம் இதற்குச் சிறந்தது?

அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஆகிய மூன்று ஐ.ஐ.எம்.களும் முதல் வரிசை. இவற்றுள் கொல்கத்தாவுக்கு நிதித்துறையில் நெடுங்காலமாகத் தனிப் பெயர் உண்டு. டெல்லி எஃப்.எம்.எஸ்., ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., மும்பை ஜம்னலால் பஜாஜ் ஆகியவை அடுத்து வருபவை; ஆனால் ஜம்னலாலில் வெளி மாநிலத்தவருக்கு இடங்கள் குறைவு. ஹைதராபாத் ஐ.எஸ்.பி. மேலாண்மைப் பள்ளியின் முதன்மைப் படிப்பு ஓராண்டுதான் என்பதால் இடையில் கோடைக்காலப் பயிற்சிக்கு இடமில்லை. இந்தத் துறையில் அது ஒரு குறையே.

காரணத்தைச் சொல்கிறேன். வகுப்புகள் ஜூன் வாக்கில் தொடங்கினால், கோடைக்காலப் பயிற்சிக்கான நேர்முகம் சில மாதங்களிலேயே வந்துவிடும். அந்தப் பயிற்சியில் நன்றாகச் செய்தவர்களுக்கே வங்கிகள் முதலில் நிரந்தர வேலை தருகின்றன. கணக்குப் பதிவியலை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் காலம் கடந்துவிடும். வழக்கமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி: தேய்மானம் (இயந்திரம், கட்டடம் போன்றவற்றின் மதிப்பு தேய்வதைச் செலவாகக் காட்டுவது) 100 ரூபாய் கூடினால், வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, மூன்று நிதி அறிக்கைகளும் எப்படி மாறும்? வரிக்கு முந்தைய லாபம் 100 குறையும், வரி 25 குறையும், ஆக நிகர லாபம் 75 குறையும். தேய்மானம் கையை விட்டுப் போகும் பணம் அல்ல என்பதால் பணவரவு அறிக்கையில் அந்த 100 திரும்பக் கூட்டப்பட்டு, ரொக்கம் 25 கூடும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் ரொக்கம் 25 கூடி, நிலையான சொத்து 100 குறைய, மறுபக்கம் பங்குதாரர் நிதி 75 குறைந்து, இரண்டு பக்கமும் சமமாகும். இதைத் தாள் இல்லாமல், பதறாமல் சொல்லும் பொறியியல் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் முன்பே படிக்கத் தொடங்கியவர்கள் அவர்கள்.

சி.ஏ. இன்டர் மாணவி, ஈரோடு: எம்.பி.ஏ. இல்லாமல் முடியுமா?

முடியும். 2023இல் வந்த புதிய திட்டப்படி ஆர்டிக்கிள்ஷிப் என்ற கட்டாயப் பணிப் பயிற்சி இரண்டு ஆண்டுகளாகக் குறைந்திருப்பதால், அதை எந்த நிறுவனத்தில் செய்கிறீர்கள் என்பதைக் கல்லூரித் தேர்வைப் போலவே கவனமாக முடிவு செய்யுங்கள். வரிக் கணக்கு மட்டும் பார்க்கும் அலுவலகத்தைவிட, நிறுவன மதிப்பீடும் கையகப்படுத்தலுக்கு முந்தைய ஆய்வும் செய்யும் நிறுவனம் உங்களுக்கு உதவும். முதல் முயற்சியிலேயே தேறுவதற்கு வங்கிகள் தனி மதிப்புத் தருகின்றன.

பி.பி.ஏ. மாணவர், சேலம்: முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசத் தேர்வான சி.எஃப்.ஏ. முடித்தால் கல்லூரியின் பெயர் தேவையில்லையா?

தேவைதான். அறிவு கூடும், ஆனால் வங்கிகள் ஆள் எடுக்க வரும் வளாகத்துக்கு அது மாற்று ஆகாது.

ஒரு தாய், திண்டுக்கல்: இருபத்தைந்து லட்சம் கட்டணம் என்கிறார்கள். எங்களிடம் அடமானம் வைக்க எதுவும் இல்லை.

அம்மா, பழைய ஐ.ஐ.எம்.களில் இடம் கிடைத்த பிள்ளைக்கு வங்கிகள் ஈடு கேட்காமலே கடன் தருகின்றன; 2024இல் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டமும் தரமான நிறுவனங்களுக்கு ஈடும் பிணையும் இல்லாத கடனுக்கு வழி செய்கிறது. எஃப்.எம்.எஸ்.ஸின் கட்டணம் ஐ.ஐ.எம்.களோடு ஒப்பிட மிகக் குறைவு என்பதால் அந்த விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் பெயர் தெரியாத கல்லூரிக்கு அதே தொகையைக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

தமிழ்வழியில் படித்த பி.காம். மாணவர், விருதுநகர்: இப்போதிருந்தே என்ன செய்யலாம்?

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் இணையதளத்தில், பங்கு வெளியிட விரும்பும் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் வரைவு ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த தொழிலில் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்து, திரட்டும் பணத்தை எதற்குச் செலவிடப் போகிறார்கள், அவர்களே ஒப்புக்கொள்ளும் ஆபத்துகள் எவை, விலையை எந்த அடிப்படையில் நியாயப்படுத்துகிறார்கள் என்ற மூன்று பகுதிகளை மட்டும் படியுங்கள். படித்ததை முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். மாதத்துக்கு ஓர் ஆவணம் போதும்.