மெஷினை ஆஃப் செய்தால் போதாதா? பூட்டு எதற்கு?

பராமரிப்பு வேலைக்கு முன் ஸ்விட்சை அணைத்த பிறகும், லாக்அவுட் (வேலை முடியும்வரை மெஷினின் மின்சாரத்தைப் பூட்டி வைக்கும் முறை) பயிற்சியில் பூட்டுப் போடச் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அணைத்தது நீங்கள். நீங்கள் மெஷினுக்குள் கையை விட்டிருப்பது தெரியாமல் வேறொருவர் அதைப் போட்டுவிடலாம், அதனால்தான். பூட்டு ஸ்டார்ட் பட்டனுக்கு அல்ல, மெஷினுக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டர் ஸ்விட்சுக்கு. சாவி உங்கள் பாக்கெட்டில். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை மெஷின் ஓடாது.

பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில். கரண்ட் போனாலும் சக்தி உள்ளேயே தங்கியிருக்கும். பிரஸ்ஸின் மேல்பகுதி தன் எடையாலேயே இறங்கும், அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஏர் சிலிண்டரில் அடைபட்ட காற்று, டியூபைக் கழற்றியதும் ராடைத் தள்ளிவிடும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்!

அப்புறம், கரண்ட் உண்மையிலேயே போய்விட்டதா என்ற சோதனை. ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், பிறகு ஆஃப் நிலைக்குத் திருப்பிவிடுங்கள். மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வேலை செய்யும் இடத்தில் வையுங்கள், மறுபடியும் பழைய இடத்தில். கெட்டுப்போன மீட்டரும் பூஜ்யம்தானே காட்டும்?

பயிற்சி எல்லோருக்கும் ஒன்றல்ல. அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா (OSHA) 1989-ல் கொண்டுவந்த விதி, பூட்டுப் போடுபவர், மெஷினை ஓட்டுபவர், அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர் என்று பிரிக்கிறது. மூன்றாமவருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, பூட்டியிருப்பதைத் தொடக்கூடாது என்பதுதான்.