வெந்நீர்ச் செலவைக் குறைக்க லட்ச ரூபாய்க் கடனா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் சொந்த ஃபிளாட்டில் வசிக்கிறோம். நான், கணவர், மாமியார், பத்தாவதும் ஏழாவதும் படிக்கும் இரண்டு மகள்கள். கோடையில் இரண்டு மாத மின்கட்டணம் 7,800 ரூபாய் வரை வருகிறது (1,080 யூனிட்). ஏசி ஓடாத டிசம்பர், ஜனவரியிலும் 560 யூனிட் ஆகிறது. எங்களிடம் இருப்பது பதினான்கு வருடப் பழைய 25 லிட்டர் கீசர். என் நாத்தனாரின் கணவர் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறார். ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் போட்டால் 75 சதவீத மின்சாரம் மிச்சம், அரசு மானியமும் உண்டு என்கிறார். விலை 96,000 ரூபாய். என் கிரெடிட் கார்டில் 18 மாத வட்டியில்லா இ.எம்.ஐ. போட்டுத் தருவாராம். ஏற்கெனவே அவரிடம் வாங்கிய ஏசி, ஃபிரிட்ஜ் வகையில் அந்தக் கார்டில் 1,40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதம் 7,000 ரூபாய் மினிமம் டியூ தவறாமல் கட்டிவிடுகிறேன். பெரியவளின் கல்லூரிக்காக என் பெயரில் 1,60,000 ரூபாய் எஃப்.டி. இருக்கிறது, அதைத் தொடுவதில்லை. ஹீட் பம்ப் வாங்கலாமா, சோலார் நல்லதா? மாப்பிள்ளை சொல்லி மறுக்கக் கூடாது என்று மாமியார் வருத்தப்படுகிறார். — ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு வெந்நீரைப் பற்றியது. கார்டு பாக்கி ஒரே ஒரு வாக்கியத்தில், போகிறபோக்கில் வருகிறது. அதுவும் "தவறாமல் கட்டிவிடுகிறேன்" என்ற பெருமையோடு. எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு வருமுன், நீங்கள் கேட்ட கணக்கைப் போட்டுவிடுவோம்.

ஹீட் பம்ப் மோசடி அல்ல. ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, நான்கு யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். சென்னை மாதிரி வெப்பமான ஊரில் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். ஹோட்டல், மருத்துவமனை, நூறு பேர் தங்கும் விடுதி என்றால் நானே வாங்கச் சொல்வேன். ஆக, 75 சதவீதம் என்பது பொய் இல்லை. எதில் 75 சதவீதம் என்பதுதான் கேள்வி.

ஒரு வாளி, அதாவது சுமார் 18 லிட்டர் தண்ணீரை, நம் ஊர் மார்கழிக் குளிருக்கு 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு யூனிட் போதும். நான்கு பேர் வாளியில் குளித்தால் 1.3 யூனிட். பெரியவள் ஷவரில்தான் குளிப்பாள் என்று வைத்துக்கொள்வோம்; பத்து நிமிட ஷவர் நான்கு வாளிக்குக் குறையாது, அதற்கு 1.2 யூனிட். கீசர் இரவு முழுவதும் சுவிட்ச் போட்டபடியே இருந்து, வெறுமனே ஆறி ஆறிச் சூடாவதற்கு இன்னொரு அரை யூனிட். தாராளமாக நாளுக்கு 3 யூனிட் என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் வெந்நீர் தேவைப்படுவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மிஞ்சிப்போனால் 120 நாள். அது 360 யூனிட். முழங்கால் வலிக்காக உங்கள் மாமியாருக்கு மற்ற மாதங்களிலும் வெந்நீர் வேண்டும் என்று சேர்த்தாலும் ஆண்டுக்கு 500 யூனிட்டைத் தாண்டாது. யூனிட் 9 ரூபாய் வீதம் 4,500 ரூபாய். உங்கள் வீட்டின் மொத்த வெந்நீர்ச் செலவு இவ்வளவுதான், ஒரு வருடத்துக்கு!

இதில் ஹீட் பம்ப் முக்கால் பங்கையே மிச்சப்படுத்தட்டும். 3,400 ரூபாய். போட்ட 96,000 திரும்பி வர ஏறக்குறைய 28 ஆண்டுகள். கம்ப்ரஸர் வைத்த எந்தக் கருவி உங்கள் வீட்டில் 28 ஆண்டு ஓடியிருக்கிறது? இதில் சர்வீஸ் செலவை நான் சேர்க்கவே இல்லை.

கோடைக் கட்டணம் 7,800 என்று பயந்து இந்தப் பேச்சு தொடங்கியிருக்கிறது. மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடிவதில்லை, அப்போது கீசரை யார் போடுகிறார்கள்? அந்த 1,080 யூனிட் ஏசியின் கைங்கரியம். ஏசியை 25, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சுற்ற விடுங்கள், அதற்கு மேல் இங்கே சொல்ல எதுவும் இல்லை.

சோலார் வாட்டர் ஹீட்டர் ஹீட் பம்பைவிட மலிவு என்பது உண்மை. ஆனால் நமக்கு வெந்நீர் வேண்டியிருக்கும் நான்கு மாதத்தில் பாதி வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் மூடிக்கிடக்கும் நவம்பரில் அந்தக் கண்ணாடிக் குழாய்கள் என்ன சூடாக்கும்? உள்ளே வைத்திருக்கும் மின்கம்பிதான் சூடாக்கும். வெயில் கொளுத்தி, தண்ணீர் கொதித்துக் கிடக்கும் மே மாதத்தில் அதை யாரும் திறக்க மாட்டார்கள். ஊட்டியிலும் பெங்களூரிலும் வீட்டுக்கு வீடு அது இருப்பதைப் பார்த்து நாமும் ஆசைப்படுகிறோம். அங்கே ஆண்டின் பெரும்பகுதி வெந்நீர் வேண்டும், நமக்கு அப்படி இல்லை. போதாக்குறைக்கு உங்கள் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் குழாய்களில் உப்புப் படியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி பொது இடம், சங்கத்தின் சம்மதம் வேண்டும். மாடியிலிருந்து உங்கள் குளியலறை வரை குழாயில் தேங்கிய தண்ணீர் ஆறிப்போயிருக்கும். தினமும் காலையில் அரை வாளி வீணாகத் திறந்துவிட வேண்டும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் ஊரில் அதுவும் செலவுதான்.

கேஸ் அடுப்பில் காய்ச்சலாமா என்று மாமியார் கேட்கக்கூடும். சிலிண்டர் 900 ரூபாய் அளவில் இருக்கும்போது, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் கீசருக்கு ஆகும் அதே செலவுதான். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆபத்து மட்டும் மிச்சம்.

மானியப் பேச்சுக்கு ஒரு வார்த்தை. பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024இல் வந்தது. அதில் 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் போட்டால் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அது கூரையில் மின்சாரம் தயாரிக்கும் சூரியத் தகடுகளுக்கு. தண்ணீர் சூடாக்கும் ஹீட் பம்புக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. உங்கள் உறவினர் தெரியாமல் சொல்லியிருப்பார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

செலவில்லாமல் குறைக்க ஒரு வழி இருக்கிறது, அதை உங்களிடம் யாரும் விற்க வரமாட்டார்கள். 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் பாதி விலையில் கிடைக்கின்றன. 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடுகிறது. அதோடு, தாண்டிய யூனிட்டுகளுக்கு எட்டரை ரூபாய் அளவில் போடுகிறார்கள். உங்கள் 560 யூனிட்டுக்குத் தோராயமாக 2,570 ரூபாய் வரும். அதுவே 480 யூனிட் என்றால் 1,700 ரூபாய்க்குள். எண்பது யூனிட்டைக் குறைத்தால் ஏறத்தாழ 900 ரூபாய் மிச்சம். கீசரைக் குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டுவிட்டுப் பிறகு அணைத்தால் இரண்டு மாதத்தில் 30 யூனிட். பெரியவளை நான்கு மாதம் மட்டும் வாளிக்கு மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 50 யூனிட். தெர்மோஸ்டாட்டை 60இலிருந்து 50 டிகிரிக்கு இறக்குங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உள்ளே படிந்த உப்பைச் சுரண்டச் சொல்லுங்கள். இந்தக் கீசர் என்றைக்குக் கைவிடுகிறதோ அன்றைக்கு 15 லிட்டர் ஐந்து நட்சத்திரக் கீசர் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். வெந்நீர் விஷயம் முடிந்தது.

இனி அந்த ஒரு வாக்கியம்.

மினிமம் டியூ என்பது பாக்கித் தொகையில் சுமார் 5 சதவீதம். உங்கள் 1,40,000க்கு அது 7,000. பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் அளவில் இருக்கும். அது 4,900 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 880 ரூபாய். ஆக 5,780. நீங்கள் தவறாமல் கட்டும் 7,000 ரூபாயில் அசலுக்குப் போவது 1,200 ரூபாய்தான். ஸ்டேட்மென்டை எடுத்து வட்டி விகிதத்தைச் சரிபாருங்கள், முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் கதை மாறாது. உங்கள் வீட்டில் ஐந்து பேர் ஒரு வருடம் முழுக்க வெந்நீரில் குளிக்க ஆகும் செலவு 4,500. கார்டுக்கு நீங்கள் ஒரே மாதத்தில் கொடுக்கும் வட்டி அதைவிட அதிகம். இந்த ஓட்டையை விட்டுவிட்டு கீசரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

"வட்டியில்லா இ.எம்.ஐ." என்ற சொல்லை நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னிக்கவும். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வட்டி விலையில் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கத்துக்கு வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியில் ஒளிந்திருக்கும்; மேலே பிராசஸிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் தனி. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பாக்கியை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லாத நாள்கள் என்ற சலுகையே கிடையாது. அந்தக் கார்டில் நீங்கள் மளிகை வாங்கினால்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இதன் மேல் மாதம் 5,300 ரூபாய்க்கு மேல் புது இ.எம்.ஐ. ஏறினால் மினிமம் டியூவும் 12,000ஐத் தாண்டும்.

எஃப்.டி.யை உடையுங்கள். மகளின் கல்லூரிப் பணம் என்று பெயர் வைத்துவிட்டதால் அதைத் தொடத் தயங்குகிறீர்கள், புரிகிறது. அந்த 1,60,000 ரூபாய் 7 சதவீதத்தில் ஆண்டுக்கு 11,200 ரூபாய் ஈட்டுகிறது. அதே வீட்டில், அதே கையால், கார்டுக்கு ஆண்டுக்கு எழுபதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வட்டி போகிறது. முன்கூட்டி உடைத்தால் வங்கி ஒரு சதவீதம் வரை வட்டியைக் குறைக்கும். குறைக்கட்டும்! 1,40,000ஐ ஒரே தவணையில் கட்டிவிட்டு, மீதி 20,000ஐ மறுபடி எஃப்.டி.யில் போடுங்கள். அடுத்த மாதத்திலிருந்து, இதுவரை மினிமம் டியூவாகப் போன அதே 7,000 ரூபாயை அதே தேதியில் ஆர்.டி.க்குத் திருப்புங்கள். 24 மாதத்தில் வட்டியோடு 1,79,000 ரூபாய் அளவில் சேரும். பெரியவள் பிளஸ் டூ எழுதி முடிக்கும்போது கல்லூரிப் பணம் இப்போது இருப்பதைவிட அதிகமாக இருக்கும், கடன் இருக்காது.

நாத்தனார் கணவர் விஷயம். ஏசி அவருக்காக, ஃபிரிட்ஜ் அவருக்காக, இப்போது ஹீட் பம்பும் அவருடைய மாத விற்பனை இலக்குக்காக. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கடை நடத்துகிறவர் விற்கத்தான் செய்வார். ஆனால் கார்டு உங்கள் பெயரில் இருக்கிறது, வட்டி உங்கள் சம்பளத்தில் போகிறது, மறுத்தால் வரும் மனத்தாங்கலும் மருமகளான உங்கள் தலையில்தான் விழப்போகிறது. இதை நீங்கள் சொல்லக் கூடாது. உங்கள் கணவர், தன் அக்காவிடமோ தங்கையிடமோ நேராகப் பேசட்டும்: "கார்டுக் கடனை அடைத்திருக்கிறோம், இரண்டு வருடத்துக்கு எதையும் தவணையில் வாங்குவதில்லை." காரணம் கேட்டால் இதையே மறுபடி சொல்லலாம், விளக்கத் தேவையில்லை. மாமியாரிடம் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு ஹீட் பம்ப் முக்கியமில்லை, மாப்பிள்ளையின் மரியாதைதான் முக்கியம். பேத்தியின் படிப்புப் பணத்திலிருந்து இந்தக் கடன் அடைபடுகிறது என்று தெரிந்தால் அவரே உங்கள் பக்கம் பேசக்கூடும். பாக்கி அடைந்ததும் கார்டின் உச்சவரம்பை 40,000 ரூபாய்க்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு "கார்டில் இடம் இல்லை" என்று நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

முழுத் தொகையையும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்டில் சில ஆயிரம் ரூபாய் வட்டி வரும். கடைசி ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக் கட்டாமல் விட்டால் மறுபடியும் வட்டி ஓடத் தொடங்கும். அதையும் முழுதாகக் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.