வீடில்லாதவர்களுக்கும் தனிமையில் இருப்பவர்களுக்கும் உதவ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வீடில்லாதவர்களையும் தனியாக வாழும் முதியவர்களையும் தேடிப் போய்ப் பார்க்கும் களப்பணியில் பல வருடமாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மருந்து, சட்டம் பற்றிக் கேட்டவர்கள் மருத்துவரையும் வழக்கறிஞரையும் பாருங்கள்.

கேள்வி: தினமும் போகும் வழியில் ஒருவர் சாலையோரம் படுத்திருக்கிறார். பேச்சை எப்படித் தொடங்குவது?

இருவராகப் போங்கள். தனியாகப் போவது உங்களுக்கு நல்லதல்ல. ஐந்தாறு பேர் போய்ச் சூழ்ந்து நின்றால் அவர் மிரண்டுபோவார். கொஞ்சம் தள்ளி நின்று உங்கள் பெயரைச் சொல்லி, "கொஞ்ச நேரம் பேசலாமா?" என்று கேளுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள். எழுந்து போக நினைத்தால் போகும்படி வழி விட்டு உட்காருங்கள்.

அவர் விரித்திருக்கும் அட்டைதான் அவருடைய வீடு. அதன் மேல் உங்கள் கால் படக் கூடாது. மூட்டையைத் தொடாதீர்கள். ஒரு பெரியவர் தன் பையை என்னிடம் திறந்து காட்ட வெகு நாளானது. பைக்குள் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடிப்புகளில் கிழிந்த மருத்துவமனைச் சீட்டு ஒன்று, ஒரு சிறுமியின் பள்ளிக்கூடப் புகைப்படம் ஒன்று. சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அந்தப் பையை எறிந்திருந்தால், சிகிச்சைக்கு அவர் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டியிருக்கும்.

தூங்குபவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். தெருவில் அடியும் உதையும் வாங்கியவருக்கு, நெருங்கி வரும் கை எதுவானாலும் பயம்தான். குரல் கொடுங்கள். எவ்வளவு கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் மட்டும் தொட்டுப் பார்த்து உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

"வேண்டாம், போ" என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்து எந்த நாள் வருவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள். இந்த வேலையில் நம்பிக்கை அப்படித்தான் வருகிறது.

கேள்வி: உதவி செய்வதைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் பலர் நன்கொடை தருவார்களே?

வேண்டாம். கையில் பொட்டலத்தோடு வந்திருப்பவரிடம் "படம் எடுக்கவா?" என்று கேட்டால், பசியில் இருப்பவர் எப்படி மறுப்பார்? அது சம்மதம் ஆகாது. அப்புறம், வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்த பெண்களும் தெருவில் இருக்கிறார்கள். உங்கள் படம் அவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி: காசு கொடுக்கலாமா?

உங்கள் விருப்பம். கொடுத்த பிறகு கணக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்களிடம் பழைய துணி நிறைய இருக்கிறது. எங்கே கொண்டுவந்து கொடுப்பது?

துணியை முதலில் வீட்டிலேயே வையுங்கள். போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒரு மூட்டைத் துணியை அவர் எங்கே வைத்துக்கொள்வார்? புது சாக்ஸ், உள்ளாடை, சோப்பு, சானிட்டரி நாப்கின், செல்போனுக்குச் சார்ஜ் போட ஒரு வழி, இவைதான் அதிகம் தேவைப்படும். கால்கள் மணிக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் தோல் வெளிறி மரத்துப்போய்ப் புண்ணாகும். காய்ந்த சாக்ஸ் அதைத் தடுக்கும்.

கேள்வி: குடிப்பவர்களுக்கு ஏன் வீடு தேடித் தர வேண்டும்? முதலில் குடியை விடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

பல ஊர்களில் நெடுநாள் இதுதான் விதியாக இருந்தது. குடியை விடு, மருந்து சாப்பிடு, காப்பகத்தில் ஒழுங்காக இரு, கடைசியில் வீடு தருகிறோம் என்பார்கள். ஒவ்வொரு படியிலும் பலர் நழுவித் தெருவுக்கே திரும்பினார்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். முதலில் சாவி, அப்புறம் சிகிச்சை, அதுவும் அவர் விரும்பினால். 2009-இல் கனடாவின் ஐந்து நகரங்களில் சுமார் இரண்டாயிரம் பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். முதலிலேயே வீடு கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட மிக அதிக நாள் வீட்டில் தங்கினார்கள். பின்லாந்து 2008 முதல் இதையே அரசுத் திட்டமாக எடுத்துக்கொண்டு, பழைய இரவுக் காப்பகங்களைத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றியது.

அதே நபர்: வீடு கிடைத்ததும் குடியை விட்டுவிட்டார்களா? அதைச் சொல்லுங்கள்.

குடியைப் பொறுத்தவரை இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மறைக்க ஒன்றுமில்லை. வீடு என்பது குடிக்கு மருந்து என்று நான் சொல்லவே இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு தூங்க ஓர் இடம் என்கிறேன். அடுத்த வேளை எங்கே படுப்பது என்றே தெரியாதவரிடம் குடியை விடு என்றால் எப்படி விடுவார்? உங்கள் தெருவில் சொந்த வீட்டில் குடிப்பவர்கள் இல்லையா? அவர்களை யாரும் வீட்டை விட்டு இறங்கச் சொல்வதில்லை.

இன்னொருவர்: நாங்கள் போகும் இடங்களில் இன்றே குடியை நிறுத்துவேன் என்று சத்தியம் வாங்குகிறோம். அது தவறா?

தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பல வருடமாக நாள் முழுக்கக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்து மனக்குழப்பம், நடுக்கம், இல்லாத உருவங்கள் தெரிவது என்று முற்றி உயிரே போகலாம். நிறுத்த விரும்புகிறவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சத்தியம் வேண்டாம்.

முதலில் கேட்டவர்: அப்போது ஒழுங்காக வாடகை கட்டுபவனுக்கு என்ன மரியாதை?

உங்கள் வாடகைச் சுமை நியாயமான வருத்தம். அதற்காகவும் குரல் கொடுங்கள், நானும் வருகிறேன். தெருவில் கிடப்பவரின் சாவி உங்கள் பையிலிருந்து எடுத்தது அல்ல. இதற்கு மேல் இங்கே வேண்டாம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: குளிர் இரவில் போதையில் கிடக்கிறார். போர்வை போதுமா?

போதாது. மது தோலில் இரத்தத்தைப் பாயவைப்பதால் சூடாக இருப்பதுபோல் தோன்றும். உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். தரை இன்னும் இழுக்கும். மேலே போர்த்துவதற்கு முன் கீழே தடிமனாக அட்டை விரியுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். ஆம்புலன்ஸ்.

கேள்வி: முகத்தை மறைத்துப் படம் போடலாமா?

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம். ஓடி வந்தவரைத் தேடுகிறவருக்கு, அடையாளம் காணச் செருப்பும் பின்னால் தெரியும் சுவரும் போதும்.

கேள்வி: முதன்முறை என்ன பேசுவது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா தனியாக இருக்கிறார். வீடு, பணம் எல்லாம் இருக்கிறது. யாரும் வருவதில்லை. நான் என்ன செய்யலாம்?

இதையும் களப்பணி என்றுதான் சொல்வேன். உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025-இல் சொன்னது. அதில் இளைஞர்களும் நிறைய. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து போக மட்டுமல்ல, வருவார் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கவும் அவருக்கு ஓர் ஆள் வேண்டும். நீங்களே எல்லாவற்றையும் கொடுக்காமல் அவரிடம் எதையாவது கேளுங்கள். தையல், கணக்கு, செடி வளர்ப்பு என்று அவருக்குத் தெரிந்தது எதுவோ அது. காது சரியாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். பேசுவது புரியாத வெட்கத்தில் ஒதுங்கியவர்கள் ஏராளம். "நான் உங்கள் மகன் மாதிரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் அதை நம்பிவிடுவார்.

கேள்வி: நன்றாக எடுத்த படம் என்றால்?

வேண்டாம்.

கேள்வி: வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறேன். வாரந்தோறும் நான் பார்க்கும் பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

கடைசி நாளில் சொல்லாதீர்கள். சில வாரம் முன்பே சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் வரப்போகிறவரை இப்போதே கூட்டிப் போய் உட்காரவையுங்கள். பேச்சை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் கொஞ்சம் பின்வாங்குங்கள். பெரியவர் கோபப்படலாம், ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அந்த வாரமும் போங்கள். போன் நம்பர் கொடுப்பதானால் எடுத்துப் பேசுவீர்கள் என்ற உறுதி இருந்தால் மட்டும் கொடுங்கள். புதிதாக வருபவர் எந்த நாள் வருவார் என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.