தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்

கேள்வி: அண்ணா, 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக கத்தாரில் மூன்று மாத ஒப்பந்தத்தில் செக்யூரிட்டி வேலைக்குப் போனேன். ஸ்டேடியம் 974-ல் டியூட்டி, ஏழு ஆட்டத்துக்கும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். ரூமில் ஆறு பேர். அதில் கென்யாக்காரர் ஒருவர், நைரோபி, எனக்கு ரொம்ப நெருக்கம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் அவருடைய தைல டப்பாவைத்தான் இரண்டு பேரும் காலில் தேய்ப்போம், அப்புறம் அவர் போனில் ஹைலைட்ஸ் பார்ப்போம். டிசம்பர் 20 விடியற்காலை அவருக்கு ஃபிளைட். அவர் கிளம்பும்போது நான் முழித்துத்தான் இருந்தேன். ஆனால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அந்த டப்பாவை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் 'வந்து சேர்ந்துட்டேன்' என்று வாட்ஸ்அப் அனுப்பினார், இன்னும் அந்தக் கத்தார் நம்பரில்தான் வைத்திருக்கிறார். ஞாயிறு முழுக்க சர்ச்சில் இருப்பார். இரண்டு மாதமாக நான் பதில் போடவில்லை. வீட்டில், மூணு மாச வேலைக்கு இப்படியா உம்முன்னு இருப்பே என்கிறார்கள். கடைசி மாத ஓவர்டைம் பணமும் இன்னும் வரவில்லை. இப்போது போய் அவரிடம் என்ன சொல்ல?
- பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கத்தார் தலைநகர் தோகாவில் பெய்த மழை. 2006 டிசம்பரில் அங்கே ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது நான் வீரர்கள் தங்கிய கிராமத்தில் சாப்பாட்டுக்கூட வேலையில் இருந்தேன். தொடக்க விழா அன்றைக்கு மழை. அந்த ஈரத்தில் ஒரு குதிரைவீரர் தீபத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டேடியத்தின் உச்சிவரை செங்குத்தாக ஏறினார், நாங்கள் தட்டைத் துடைத்துக்கொண்டே டிவியில் பார்த்தோம். 15-ம் தேதி எல்லாம் முடிந்தது. கடைசி ஷிஃப்டில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, அடுத்த ஆசியப் போட்டி 2010-ல் சீனாவின் குவாங்சோவில், அங்கே பார்ப்போம் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். எனக்குத் தெரிந்து ஒருத்தரும் போகவில்லை. போக முடியாது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் முழுக்க நான் செய்த தப்பையெல்லாம் மேனேஜர் கண்ணில் படாமல் திருத்திக் காப்பாற்றிய பிலிப்பைன்ஸ் அக்காவிடம்கூட 'குவாங்சோவில் பார்ப்போம்' என்றுதான் சொன்னேன். நீங்கள் இல்லாவிட்டால் முதல் வாரமே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருடைய நம்பரும் இப்போது என்னிடம் இல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள், நான் வாயைத் திறந்து பொய் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் கேட்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு அது மூன்று மாதச் சம்பளம். உங்களுக்கு 29 நாளில் 64 ஆட்டம் என்று ஓடிய ஒரு காலம். அதில் ஏழு ஆட்டம் உங்கள் ஸ்டேடியத்தில் நடந்தது. ஏழுக்கும் நீங்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். நவம்பர் 30 அன்று போலந்து கோல்கீப்பர் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்ததை, கேலரியில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பீர்கள். என்ன நடந்தது என்று ராத்திரி ரூமில் உங்களுக்குப் போனில் காட்டியவர் அந்தக் கென்யா நண்பர். அதை மன்னார்குடியில் யாரிடம் சொன்னாலும் ஒரு நிமிஷம் கேட்பார்கள், அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவரிடம் சொன்னால் பாதியில் அவரே மீதியைச் சொல்வார். அந்த ஸ்டேடியமே கப்பல் கன்டெய்னர்களை வைத்து, போட்டி முடிந்ததும் பிரித்து எடுப்பதற்காகக் கட்டியது. திரும்பிப் போய் இங்கேதான் நின்றோம் என்று காட்டக்கூட அது இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த நாட்களுக்கு உங்களிடம் மீதி இருப்பது அந்த ஆள்தான். அதனால் உம்மென்று இருப்பதில் ஒரு தப்பும் இல்லை.

ஏன் கண்ணை மூடினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொன்னால் அம்மா அடிக்க வருவார், போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே விடைபெறுவதென்றால் திரும்பி வருவதாக வாக்குக் கொடுப்பது என்று பழகிவிட்டோம். நைரோபிக்குப் போகிறவரிடம், இனி எந்த ஊரில் எப்போது பார்ப்போம் என்று தெரியாத ஒருவரிடம், அதை எப்படிச் சொல்வது? நாக்கு வராது. ஸ்வாஹிலியில் 'க்வாஹேரி' என்பார்கள், நலத்தோடு என்பதுபோல ஒரு அர்த்தம். அதில் வருவேன் என்ற வாக்கு இல்லை. அவர் பாஷையிலேயே அதைச் சொல்லுங்கள், உச்சரிப்பு தப்பானால் அவர் திருத்தட்டும்.

இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று தள்ளிப்போடாதீர்கள். அவர் இன்னும் கத்தார் நம்பரில்தான் வாட்ஸ்அப் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரீசார்ஜ் செய்யாத நம்பரை போன் கம்பெனி கொஞ்ச காலத்தில் வேறு யாருக்காவது கொடுத்துவிடும், வாங்கியவர் அதில் வாட்ஸ்அப் போட்டால் உங்கள் நண்பரின் கணக்கு போய்விடும், பிறகு நீங்கள் அனுப்புவது யாரோ முன்பின் தெரியாதவருக்குப் போகும். எனவே முதல் வேலையாக அவருடைய கென்யா நம்பரை வாங்குங்கள். மற்ற நான்கு பேருடையதும் வாங்குங்கள். ரூம் குரூப்பில் இருக்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள், அந்தக் குரூப்பும் அதே கத்தார் நம்பர்களை நம்பித்தான் இருக்கிறது.

என்ன சொல்வது என்றால், நடந்ததைத்தான். 'அன்றைக்கு நான் தூங்கவில்லை. நீங்கள் டப்பாவை வைத்ததைப் பார்த்தேன். எழுந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து படுத்திருந்தேன், மன்னித்துவிடுங்கள்.' இவ்வளவு போதும். வேலையில் பிஸி, போன் ரிப்பேர் என்று காரணம் சேர்க்காதீர்கள். அடுத்த உலகக் கோப்பையில் பார்ப்போம் என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் வருத்தப்பட்டிருந்தால் கொஞ்சம் திட்டட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கென்னவோ, நீங்கள் தூங்கவில்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆறு பேர் படுக்கிற ரூமில் பக்கத்துக் கட்டில்காரன் தூங்குகிறானா இல்லையா என்று மூச்சை வைத்தே தெரிந்துவிடும்.

ஓவர்டைம் பணத்தை விடாதீர்கள். டியூட்டி ஷீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் ஒப்பந்த நகலையும் சம்பளம் வந்த வங்கி விவரத்தையும் சேர்த்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியுங்கள். நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நலத்துறையிலும் மனு கொடுங்கள். உங்கள் நண்பருக்கும் பணம் நிற்கிறதா என்று கேளுங்கள், அவருடைய ஷீட்டில் உங்கள் ஷிஃப்டும் இருக்கலாம்.

எழுத்தில் அனுப்புவதைவிட போன் பண்ணுங்கள், இல்லாவிட்டால் குரலில் பேசி அனுப்புங்கள். கென்யாவிலும் தோகா நேரம்தான், நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து ஏழு மணிக்கு உட்காரும்போது உங்களுக்கு ஒன்பதரை. ஞாயிறு முழுக்க அவர் சர்ச்சில் இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சனிக்கிழமை ராத்திரியே கூப்பிட்டுவிடுங்கள். டப்பாவில் தைலம் மீதி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.