கேளுங்கள், சொல்கிறோம்: எந்த உண்டியலில் போடுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களிடமிருந்து நன்கொடை பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கைக்கு வருவது மாதம் 5,200 வெள்ளி (ரிங்கிட்). கோயில், பள்ளி, முதியோர் இல்லம், வாட்ஸ்அப் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பத்து, இருபது என்று கொடுத்து, மாதக் கடைசியில் எவ்வளவு போனது என்றே தெரிவதில்லை. எப்படி ஒழுங்குபடுத்துவது?

முதலில் தொகையை முடிவு செய்யுங்கள், யாருக்கு என்பது அப்புறம். உங்கள் வருமானத்தில் 2 விழுக்காடு என்றால் மாதம் ஏறக்குறைய 100 வெள்ளி, வருடத்துக்கு 1,200. இதில் மாதம் 60 வெள்ளியை ஒரே ஓர் அமைப்புக்கு வங்கி வழியாகத் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். வருடத்துக்கு 720 ஆகிறது. உள்ளூர்க் கோயில், பள்ளி இரண்டுக்கும் சேர்த்து 300. மீதி 180 வெள்ளி, தீவிபத்து, வெள்ளம், பக்கத்து வீட்டுச் சாவு போன்றவற்றுக்கு. அர்ச்சனை, உபயம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அது வழிபாட்டுச் செலவு, வீட்டுச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு இடத்துக்குப் பத்துப் பத்தாகக் கொடுப்பதைவிட ஓர் இடத்துக்கு அறுபது நல்லது. மாதாமாதம் உறுதியாக வரும் பணத்தை நம்பித்தான் ஓர் இல்லம் தண்ணீர், மின்சார பில்லைத் திட்டமிட முடியும். எப்போதோ வரும் ஐந்நூறை வைத்து முடியாது. சின்னத் தொகை என்று கூச்சப்பட வேண்டாம். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில்தான் தோட்டங்களே வாங்கப்பட்டன.

வாசலில் வந்து கேட்பவரிடம், “இந்த வருஷத்துக்கு ஒதுக்கியாச்சு அண்ணே, ஜனவரியில நோட்டீஸ் கொடுங்க, பார்க்கிறோம்” என்றால் போதும். காரணம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வளரும், கடைசியில் கை பர்சுக்குத்தான் போகும்.

எங்கள் தோட்டம் கைமாறிவிட்டது. கோயிலை வேறு இடத்தில் கட்டுகிறார்கள். திருப்பணிக்குக் குடும்பத்துக்கு 500 வெள்ளி கேட்கிறார்கள். கொடுக்க மனம் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

பயம் நியாயமானது. கோபுரத்தின் படத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, பார்த்துக் கொடுங்கள். புது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. கோயில் சங்கத்தின் பெயரில் இருந்தால் நல்லது. தோட்ட நிறுவனத்தின் நிலம் என்றால், கோயிலுக்கு ஒதுக்கிய எழுத்துபூர்வமான கடிதம் இருக்க வேண்டும். தலைவர் நல்லவர், அவர் பெயரில்தான் நிலம் என்றால், அவருக்குப் பிறகு அது அவருடைய வாரிசுகளிடம் போகும். பிள்ளைகளும் நல்லவர்களாக இருப்பார்கள் என்பதற்கு யார் உத்தரவாதம்? மேனேஜர் வாயால் சொன்னார், ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) மேடையில் சொன்னார் என்பதெல்லாம் ஆவணம் ஆகாது.

அடுத்தது கட்டட வரைபடம். கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் தூண் எழுப்பினால் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வரும். இடித்தாலும் இழப்பீடு கேட்க முடியாது. அப்போது போவது குழுவின் பணமல்ல, உங்கள் 500 வெள்ளி.

பலர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. தோட்டம் கைமாறும்போது சில இடங்களில் நிறுவனம் கோயிலுக்கு இழப்பீடு கொடுப்பதுண்டு. அப்படி வந்ததா, எவ்வளவு, எந்தக் கணக்கில் இருக்கிறது? இதைக் கேட்பது குற்றம் சாட்டுவது ஆகாது. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த கோயில் என்றால், 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கோடு ஆண்டறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். அதாவது கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. போன வருட நகலைப் பொருளாளரிடம் கேளுங்கள். “அடுத்த வாரம் தர்றேன்” என்பது மூன்றாவது முறையும் வந்தால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் 500-ஐ மொத்தமாகத் தர வேண்டியதில்லை. அடித்தளம் முடிந்ததும் 200, கூரை ஏறியதும் 200, கும்பாபிஷேகத்துக்கு 100 என்று பிரித்துத் தாருங்கள். அடிக்கல் நாட்டு விழாவிலும் விருந்திலும் கைப்பணம் கரைந்து, கூரை மட்டத்தில் வேலை நின்றுபோவது திருப்பணிகளில் நடப்பதுதான். ரொக்கமாகத் தராமல் கோயில் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். கணக்கில் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் வரிசை எண்ணும் கோயில் சாப்பாவும் (முத்திரையும்) இருக்க வேண்டும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் ஃபைலும் குழந்தைகள் படமும் வைத்துக்கொண்டு, ஆதரவற்றோர் இல்லத்துக்கு என்று பேனா விற்கிறார். உண்மையா என்று எப்படித் தெரியும்?

ஃபைலில் இரண்டு தாள்களைத் தேடுங்கள். ஒன்று, போலீஸ் உரிமம். தெருவிலும் வீடு வீடாகவும் பணம் திரட்ட 1947-ஆம் ஆண்டிலிருந்தே இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. இன்னொன்று, இல்லத்தின் பதிவுச் சான்றிதழ். 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிய வேண்டும். சங்கமாகப் பதிந்த தாளை மட்டும் காட்டினால் போதாது. சங்கம் நடத்தும் உரிமை வேறு, பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் உரிமை வேறு. சந்தேகம் இருந்தால் கோலகங்சார் மாவட்டச் சமூக நலத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து இல்லத்தின் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம்.

பேனா விற்கும் தம்பியிடம், “இதுல உங்களுக்கு எவ்வளவுப்பா?” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். கமிஷனுக்கு ஆள் வைத்து வசூலிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தரும் பத்தில் எத்தனை வெள்ளி பிள்ளைகளுக்குப் போகிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். இல்லம் உண்மையானதென்றால் அதன் கணக்குக்கு நேராக அனுப்பிவிடுங்கள், பேனா வேண்டாம்.

பொருளாகத் தர விரும்பினால் போன் செய்யாமல் போகாதீர்கள். தீபாவளி சமயத்தில் அரிசியும் மைலோவும் குவியும், பெரியவர்களுக்கான டயாப்பர் இருக்காது. M, L, XL இவற்றில் எது, எத்தனை பாக்கெட் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாங்குங்கள்.

குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு 80,000 வெள்ளி தேவை என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. கணக்கு எண்ணும் இருக்கிறது.

தேதி இருக்கிறதா பாருங்கள். சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆன செய்திகள் இன்னும் சுற்றுகின்றன. பிறகு அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். மோசடிப் புகார் வந்த எண் என்றால் காட்டும். காட்டவில்லை என்பதாலேயே நல்ல கணக்கு என்றும் ஆகாது, புகார் இன்னும் வராமல் இருக்கலாம். பணம் அனுப்பிய பிறகு மோசடி என்று தெரிந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். காத்திருந்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

செய்தி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். குடும்பத்தை அழைத்து, எந்த மருத்துவமனை, அங்கே மருத்துவச் சமூகப்பணிப் பிரிவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்காத கருவிக்கும் சிகிச்சைக்கும் உதவ, சுகாதார அமைச்சிடம் ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ என்ற நிதி இருக்கிறது. அதற்கு அந்தப் பிரிவு வழியாகத்தான் மனுச் செய்ய வேண்டும். இது தெரியாமலே ஊரெல்லாம் கையேந்தும் குடும்பங்கள் உண்டு. அவர்களை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போய் அந்தப் பிரிவில் உட்கார வைப்பது நீங்கள் போடும் ஐம்பது வெள்ளியைவிடப் பெரிய உதவி.

தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சங்கப் பதிவிலாகா பட்டியலில் தேடினேன், கிடைக்கவில்லை. போலியா?

இல்லை. அந்தச் சங்கங்கள் கல்விச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகின்றன, சங்கப் பதிவிலாகாவில் இருக்காது. தலைமையாசிரியரிடம் கேட்டால் பதிவுச் சான்றிதழைக் காட்டுவார். பள்ளிக்கு என்ன தேவை என்பதையும் அவரிடமே கேளுங்கள். தோட்டத்திலிருந்து வேனில் வரும் பிள்ளைகளின் மாதக் கட்டணத்தை ஏற்றுக்கொள்வது பரிசுக் கோப்பைகள் வாங்கித் தருவதைவிடப் பயன்படும்.

நன்கொடைக்கு வரி விலக்கு உண்டு என்கிறார்கள். எங்கள் கோயில் ரசீதுக்கும் கிடைக்குமா?

பதிவு பெற்ற அமைப்பெல்லாம் வரி விலக்குப் பெற்ற அமைப்பு அல்ல. வருமான வரிச் சட்டம் 44(6)-இன் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என். அனுமதித்த அமைப்புக்குக் கொடுத்தால்தான் கழிக்கலாம், அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. பட்டியல் அவர்கள் இணையத்தளத்தில் இருக்கிறது. அனுமதிக்குக் காலக்கெடு உண்டு, முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பணமாகக் கொடுத்தது மட்டுமே இதில் சேரும், அரிசி மூட்டை வாங்கிய ரசீது சேராது.

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வரிக்குரிய வருமானம் 35,001 முதல் 50,000 வரை இருந்தால் அந்தப் படிக்கு 6 விழுக்காடு, 500 கொடுத்தால் மிச்சம் 30 வெள்ளி. 50,000-ஐத் தாண்டி 70,000 வரை என்றால் 11 விழுக்காடு, 55 வெள்ளி. ரசீதில் உங்கள் பெயர், அடையாள அட்டை எண், அனுமதிக் குறிப்பு எண் மூன்றும் இருக்க வேண்டும். 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதால், மெல்லிய தாளில் அச்சடித்த ரசீதை அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். அந்த எழுத்து நாளடைவில் மங்கிவிடும்.