நாயை வீட்டுக்கு அழைத்து வருமுன்: குமுளி, கம்பம் பகுதியினரின் கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

குமுளி, ரோசாப்பூக்கண்டத்திலிருந்து ஒருவர்: ஐயா, எங்கள் தெரு நாய் குட்டிகள் ஈன்றிருக்கிறது. அவை கண் திறந்து ஒரு வாரம் ஆகிறது. சிறிதாக இருக்கும்போதே எடுத்தால்தான் வீட்டோடு ஒட்டும் என்கிறார்கள். இப்போதே எடுத்து வரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். குட்டிகள் பிறந்த 10 முதல் 14 நாள்களில் கண் திறக்கும் என்பதால், அவற்றுக்கு ஏறத்தாழ 3 வாரமே ஆகியிருக்கும். 8 வாரம் நிறையும் வரை தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றொன்றுக்கு வலிக்கும் என்பதை அவை விளையாட்டில் அங்குதான் கற்றுக்கொள்கின்றன. அதைக் கற்காமல் வரும் குட்டியின் பல், பிறகு உங்கள் பிள்ளைகளின் கையில்தான் பதியும். மனிதரோடு பழகும் பருவம் ஏறக்குறைய 14 வாரம் வரை நீள்வதால், 8 வாரத்தில் வரும் குட்டி தாராளமாக ஒட்டிக்கொள்ளும். அதுவரை தாய்க்கு வயிறார உணவு வையுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பெண் குட்டி என்றால் வேண்டாம் என்று ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 6 மாத வாக்கில் கருத்தடை அறுவை செய்துவிட்டால், பலரும் அஞ்சுகிற தொல்லை எதுவும் இராது.

வண்டன்மேட்டிலிருந்து ஒரு தாய்: ஏலத்தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். சென்ற முறை வளர்த்த குட்டி ரத்தக் கழிச்சலில் போய்விட்டது. இப்போது இன்னொன்று வருகிறது. என்னென்ன ஊசி போட வேண்டும்?

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது பெரும்பாலும் பார்வோ நோயாக இருக்கும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே பழைய குட்டியின் சாக்கையும் தட்டையும் எரித்துவிட்டு, தரையைக் குளோரின் கலந்த பிளீச்சிங் நீரால் கழுவுங்கள். புதுக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்துவதுதான் பல குட்டிகளை இழக்கக் காரணம். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது; அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடுவதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாதத்தில் போட்டு, அடுத்தடுத்த ஊசிகளை மருத்துவர் குறித்துத் தரும் தேதியில் தவறாமல் போடுங்கள். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த நீர் தேங்கும் இடமாதலால், எலிக்காய்ச்சலுக்கான தடுப்பும் அந்தக் கூட்டு ஊசியில் உண்டா என்று மிருகாஸ்பத்திரியில் கேளுங்கள். அந்த நோய் நாயிடமிருந்து வீட்டாருக்கும் பரவும்.

ஏலச்செடிக்கு மருந்து அடித்த நாளில் நாயைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். மருந்து கலக்கிய வாளியையும் அது நக்கக் கூடாது. வாயில் எச்சில் வழிந்து உடல் நடுங்கினால், வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கழிக்காமல், அந்த மருந்துப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்; புட்டியைப் பார்த்தால்தான் எந்த முறிமருந்து என்று தீர்மானிக்க முடியும்.

கம்பத்திலிருந்து ஒருவர்: உறவினர் ஊரை விட்டுப் போவதால், அவருடைய 3 வயதுக் கோம்பை நாயை எங்களிடம் தருகிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வளர்ந்த நாய் பழகுமா?

பதில்: பழகும், ஆனால் அது பழகும் வேகத்துக்கு நீங்கள் இசைய வேண்டும். கோம்பை காவலுக்குப் பேர்போன நாய். உங்கள் பக்கத்து ஊரின் பெயரையே கொண்டது. தன் ஆட்களை விட்டுப் பிரிந்து வரும் அந்த நாய்க்கு முதல் சில நாள்களில் உங்கள் வீடு அந்நியர் வீடு. அன்றைக்கே சுற்றத்தாரையெல்லாம் அழைத்துக் காட்ட வேண்டாம். ஒரு மூலையில் அதன் பழைய சாக்கை விரித்து, பழைய வீட்டில் தின்ற அதே உணவைக் கொடுத்து, புது உணவை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். வெளியே எப்போதும் கயிற்றில் பிடித்தே கொண்டு செல்லுங்கள். புதிதாக வந்த நாய் ஓடிவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் போகும், வழியில் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது.

பிள்ளைகளைக் குறித்து உறுதியாகச் சொல்கிறேன்: அது தின்னும்போதும் தூங்கும்போதும் அவர்கள் கிட்டே போகக் கூடாது, கட்டிப்பிடிக்கவும் கூடாது. அது உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை; அதற்காக அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். சில வாரங்களில் உங்கள் வீட்டு நேரத்தைப் புரிந்துகொள்ளும். முழுமையாக நம்பிவிடச் சில மாதங்கள் ஆகலாம்.

பீர்மேட்டிலிருந்து ஒருவர்: இரவில் முற்றத்தில் சங்கிலியில் கட்டலாமா? இங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு.

பதில்: கூடாது. கட்டிய நாயால் ஓடவும் முடியாது. வீட்டுக்குள்ளோ, கம்பி அடித்துக் கதவு வைத்த கூண்டிலோ உறங்கட்டும். பெரியாறு காட்டுச் செந்நாய்களுக்கும் நாய்களின் தொற்றுநோய் பரவக்கூடும் என்பதால், காட்டோரத்து நாய்க்குத் தடுப்பூசி போடுவது அந்தக் காட்டுக்கும் செய்யும் உதவி.

கூடலூரிலிருந்து ஒருவர்: நாயோடு குமுளியில் குடியேறுகிறோம். உரிமம் வேண்டுமா?

பதில்: வேண்டும். கேரளத்தில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி பஞ்சாயத்து அலுவலகத்தில் பெற வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

குமுளியிலிருந்து ஒரு தாய்: புதிதாக வந்த 2 மாதக் குட்டி விளையாட்டாக மகளின் விரலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. குட்டிதானே என்று விடலாமா?

பதில்: விடக் கூடாது, அம்மா. குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு, மிளகாய்த் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தம் வந்த கடிக்கு, தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் (இம்யூனோகுளோபுலின்) போட வேண்டும். போடச் சொல்லி நீங்களே கேளுங்கள். தடுப்பூசி இன்று ஒன்றும், பிறகு 3, 7, 28ஆம் நாள்களிலும் வரும். குட்டியை 10 நாள் கவனிக்க வேண்டும். ஆனால் அது முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.