குதிரைப் பந்தயத்துக்கென்றே புதிய தளம்: சேரலாமா? – கேள்வி பதில்

குதிரைப் பந்தயத்தை மட்டும் வைத்துப் புதிதாகத் தொடங்கும் இணைய புக்மேக்கர்கள், அதாவது பந்தயப் பணத்தை ஏற்கும் நிறுவனங்கள், பற்றி பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் நிறைய எழுதுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: குதிரைப் பந்தயம் மட்டுமே நடத்தும் ஒரு புதிய தளம். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆட்ஸும் (ஜெயித்தால் எத்தனை மடங்கு தருவார்கள் என்ற விலை) தாராளம். நம்பிப் பணம் போடலாமா? – வாசகர், லெஸ்டர்

பதில்: முதலில் பக்கத்தின் அடிக்குப் போங்கள். அங்கே உரிம எண் இருக்க வேண்டும். அதை, பிரிட்டனில் சூதாட்ட நிறுவனங்களுக்கு உரிமம் தரும் கேம்ப்ளிங் கமிஷனின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். தளத்தின் பெயர் ஒன்றாகவும் உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். உங்கள் பணம் போகும் இடம் அந்த இரண்டாவது நிறுவனம்தான். அது ஏற்கெனவே அபராதம் கட்டியிருந்தால் பதிவேட்டிலேயே தெரியும்.

உரிமம் இருந்தால் பணம் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். 2021ல், கால்பந்து வீரர்கள் மேல் பணம் கட்டும் ஃபுட்பால் இண்டெக்ஸ் என்ற தளம் விழுந்தபோது அதற்கும் உரிமம் இருந்தது. வாடிக்கையாளர் பணத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் விதிமுறையில் சொல்லியாக வேண்டும்: பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்தரம் என்று மூன்று நிலைகள். ‘பாதுகாப்பு இல்லை’ என்றால், நிறுவனம் திவாலானால் நீங்களும் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட தளத்தில் அன்றைய பந்தயத்துக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பவுண்டும் விட்டு வைக்காதீர்கள்.

இன்னொன்று, பல மாதம் கழித்து நடக்கும் பந்தயத்துக்கு இப்போதே கட்டும் ஆண்ட்டி-போஸ்ட் பெட். புதிய நிறுவனத்தில் அது வேண்டவே வேண்டாம். 2019 மார்ச்சில், செல்டனம் குதிரைப் பந்தயத் திருவிழாவுக்குச் சில நாட்களே இருக்கையில் பெட்பிரைட் என்ற புக்மேக்கர் கடையை மூடியது. முன்கூட்டிக் கட்டிய பந்தயங்கள் எல்லாம் செல்லாது என்றது. ஊரே கொதித்த பிறகுதான் அதன் தொழில்நுட்பத்தை வாங்கிய 888 என்ற நிறுவனம் அந்தப் பந்தயங்களை ஏற்க முன்வந்தது. அடுத்த முறையும் அப்படி ஒருவர் வருவார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

கடைசியாக, இருபது பவுண்ட் போட்டு, சின்னதாக இரண்டு மூன்று பெட் கட்டி, மீதியை அந்த வாரமே வெளியே எடுத்துப் பாருங்கள். பணம் போடுவது எல்லாத் தளத்திலும் சுலபம்தான். எடுப்பதில்தான் நிறுவனம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

கேள்வி: 30 பவுண்ட் ‘ஃப்ரீ பெட்’டில் 3/1 குதிரை ஜெயித்தது. 120 வர வேண்டும், 90தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா? – ஹாரோ

பதில்: இல்லை. 3/1 என்றால் ஒரு பவுண்டுக்கு மூன்று பவுண்ட் லாபம். ஃப்ரீ பெட், அதாவது தளம் இலவசமாகத் தரும் பந்தயத்தில், கட்டிய தொகை திரும்பி வராது, லாபம் மட்டும்தான் வரும். சேரும்போது நீங்கள் ‘படித்தேன்’ என்று டிக் அடித்த பக்கத்தில் அது இருக்கிறது.

கேள்வி: ஆட்ஸ் நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் ‘சிறந்த விலை’ என்கிறார்கள். – ரெடிங்

பதில்: அருமையான கேள்வி. ஒரு பேனாவும் தாளும் போதும். ஐந்து குதிரை ஓடும் பந்தயம், விலைகள் 6/4, 5/2, 4/1, 6/1, 8/1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சதவீதமாக்குங்கள். 4/1 என்றால் நான்கும் ஒன்றும் ஐந்து, நூறை ஐந்தால் வகுத்தால் 20. அதே வழியில் 6/4க்கு 40, 5/2க்கு 28.6, 6/1க்கு 14.3, 8/1க்கு 11.1. கூட்டினால் 114. நூறுக்கு மேலே இருக்கும் அந்த 14தான் புக்மேக்கரின் பங்கு. ஐந்து குதிரைக்கு அது அதிகம். அதே பந்தயத்தை அதே நிமிடத்தில் இன்னும் இரண்டு தளங்களில் கூட்டிப் பாருங்கள். சனிக்கிழமை பெரிய பந்தயத்தில் மட்டும் பார்த்தால் போதாது, அங்கே எல்லாருமே தாராளமான விலை கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் வுல்வர்ஹாம்ப்டனில் ஓடும் சாதாரணப் பந்தயத்தைக் கணக்குப் போடுங்கள். உண்மையான விலை அங்கேதான் தெரியும்.

ஈச்-வே, அதாவது பாதிப் பணத்தைக் குதிரை ஜெயிப்பதற்கும் பாதியை முன்னிடங்களில் ஒன்றில் வருவதற்கும் கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பதினாறு குதிரைக்குக் குறையாமல் ஓடும் ஹேண்டிகேப்பில் (திறனுக்கேற்பக் குதிரைக்குச் சுமை ஏற்றும் பந்தயம்) முதல் நான்கு இடம், ஆட்ஸில் கால் பங்கு என்பது வழக்கம். ‘ஐந்து இடம் தருகிறோம்’ என்று விளம்பரம் வந்தால் பங்கு 1/5 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 20/1 குதிரையில் இடத்துக்கு 5 பவுண்ட் கட்டினால் லாபம் 25க்குப் பதில் 20தான்.

கேள்வி: 5/1ல் பத்து பவுண்ட் கட்டி ஜெயித்தேன். 60 வராமல் 45 வந்தது. ‘ரூல் 4’ என்கிறார்கள். – க்ராய்டன்

பதில்: ஒரு குதிரை விலகினால் மற்றவற்றின் லாபத்தில் ஒரு பங்கைப் பிடிக்கும் விதிதான் ரூல் 4. நீங்கள் கட்டிய பிறகு 2/1 விலையில் இருந்த ஒரு குதிரை விலகியிருக்கும். அந்த விலைக்கு, லாபத்தில் பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடிப்பார்கள். 50ல் 15 போனால் 35, கட்டிய பத்தோடு 45. கணக்கு சரி. எல்லா நிறுவனத்திலும் இதே விதிதான். குதிரை விலகி விலைகள் மாறிய பிறகு நீங்கள் கட்டியிருந்தால் மட்டும் சண்டை போடுங்கள், அப்போது பிடிக்கக் கூடாது.

கேள்வி: இரண்டு மாதமாக நன்றாக ஜெயித்துவந்தேன். திடீரென்று 20 பவுண்ட் கட்டினால் ‘அதிகபட்சம் 1.40 பவுண்ட்’ என்கிறது தளம். நான் என்ன தப்பு செய்தேன்? – வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குதிரையின் ஓட்டம், தரை ஈரம், ஜாக்கி, பயிற்சியாளர் என்று உட்கார்ந்து படித்துப் பந்தயம் கட்டுகிறவரைத்தான் இந்த நிறுவனங்கள் விளம்பரத்தில் கொண்டாடுகின்றன. ‘ரேஸ் ரசிகர்களுக்காக ரேஸ் ரசிகர்கள் நடத்துவது’ என்பார்கள். அந்த ரசிகர் ஜெயிக்கத் தொடங்கினால் கணக்கைச் சுருக்குவார்கள். ஜெயிக்கவே வேண்டாம், கடைசி விலையைவிட நல்ல விலையை அடிக்கடி பிடித்தாலே போதும். தோற்கிறவரை எவ்வளவு வேண்டுமானாலும் கட்ட விடுவார்கள். காய்கறிக் கடைக்காரர் நல்ல தக்காளியைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்தவரை மட்டும் வாசலில் நிறுத்தினால் ஒப்புக்கொள்வோமா? பிரிட்டனில் இதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

முடியாத காரியமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014லேயே குறைந்தபட்ச பெட் விதி வந்துவிட்டது. நகரப் பந்தயங்களில் தனக்கு 2,000 டாலர் நஷ்டம் வரும் அளவுக்கும், மற்றவற்றில் 1,000 டாலர் அளவுக்கும் புக்மேக்கர் பெட்டை ஏற்றாக வேண்டும். அங்கே பந்தயத் தொழில் அழிந்துவிடவில்லை. பிரிட்டனிலும் சில நிறுவனங்கள் தாமாகவே, சில பந்தயங்களுக்கு மட்டும், இப்படி ஒரு வாக்குறுதி தருகின்றன. அதனால் புதிய தளத்தில் சேரும் முன் சாட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘குறைந்தபட்சம் எவ்வளவு வரை என் பெட்டை ஏற்பீர்கள், அது எழுத்தில் இருக்கிறதா?’ நேரான பதில் வராவிட்டால் சேராதீர்கள். ‘பெஸ்ட் ஆட்ஸ் கேரண்டி’யையும் சேர்த்தே கேளுங்கள். அதாவது, நீங்கள் 5/1ல் கட்டி, தொடக்க விலை 8/1 ஆனால் 8/1க்கே பணம் தருவது. எத்தனை மணியிலிருந்து, எவ்வளவு தொகை வரை, யாருடைய கணக்கில் அதை நிறுத்துவார்கள் என்று மூன்றையும் கேளுங்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டில் போட்டால் பாதுகாப்புத்தானே? – வெம்பிளி

பதில்: போடவே முடியாது. 2020 ஏப்ரல் 14 முதல் சூதாட்டத்துக்கு கிரெடிட் கார்டு தடை. ஒரு இணையக் கடையில் நான் சாப்பாட்டு மேசை வாங்கி, மேசை வருவதற்குள் கடை மூடிவிட்டது. கார்டு நிறுவனம் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி முழுப் பணத்தையும் தந்தது. அந்தப் பாதுகாப்பு பந்தயத்தில் உங்களுக்குக் கிடையாது.

கேள்வி: எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று மாதக் கட்டணத்தில் டிப்ஸ் தருகிறார்கள், அந்தப் புதிய தளத்தில்தான் கட்டச் சொல்கிறார்கள். – ஈஸ்ட்ஹாம்

பதில்: வேண்டாம். நீங்கள் தோற்பதில் அந்த டிப்ஸ்காரருக்குப் பங்கு இருக்கலாம். நானும் ஒருமுறை இப்படிச் சந்தா கட்டினேன். ஜெயித்ததாக அவர்கள் எழுதிய விலை, செய்தி என் கைக்கு வரும்போது எந்தத் தளத்திலும் இல்லை.

கேள்வி: 640 பவுண்ட் எடுக்கக் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. பாஸ்போர்ட் அனுப்பினேன், பிறகு மின்சார பில், இப்போது சம்பளச் சீட்டு. மனம் வெறுத்துவிட்டது. – வாசகி, கோவென்ட்ரி

பதில்: அம்மா, உங்கள் பக்கம்தான் நியாயம். பெட் கட்ட விடும் முன்பே பெயர், முகவரி, வயதைச் சரிபார்த்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. முன்பே நியாயமாகக் கேட்டிருக்கக் கூடிய ஆவணத்தை, பணம் எடுக்கும்போது நிபந்தனையாக்கக் கூடாது என்று 2019 மே மாதத்திலிருந்து உரிம விதியே இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு, ‘இது முறையான புகார்’ என்ற வார்த்தையோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். சாட்டில் பேசியதை எல்லாம் படம் பிடித்து வையுங்கள். புகார் கொடுத்து எட்டு வாரத்தில் முடியாவிட்டால், அவர்கள் விதிமுறையில் பெயர் போட்டிருக்கும் நடுவர் அமைப்புக்குப் போகலாம். பல நிறுவனங்களுக்கு அது ஐபாஸ். உங்களுக்குச் செலவில்லை. கேம்ப்ளிங் கமிஷன் தனிப்பட்ட பணத்தை வாங்கித் தராது, ஆனாலும் அங்கேயும் எழுதி வையுங்கள். இதற்கிடையில் அந்தப் பணத்தில் ஒரு பெட்கூடக் கட்டாதீர்கள். இழுத்தடித்தால் நீங்களே கட்டித் தோற்றுவிடுவீர்கள் என்றுதான் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் வந்த தளம். வங்கி வழியாக 900 அனுப்பினேன். இப்போது ‘ஜெயித்த பணத்துக்கு வரி’ என்று இன்னும் 300 கேட்கிறார்கள். – சவுத்ஹால்

பதில்: அனுப்பாதீர்கள். பிரிட்டனில் ஜெயித்தவர் வரி கட்டுவதில்லை, பந்தயம் கட்டுகிறவரிடம் பிடித்த வரியும் 2001லேயே போய்விட்டது. இது மோசடி. இன்றே 159ஐ அழைத்தால் உங்கள் வங்கிக்கு இணைப்பார்கள். பணம் பிரிட்டன் கணக்குக்குப் போயிருந்தால், 2024 அக்டோபர் விதிப்படி திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் மூன்று புதிய தளங்களில் சேர்ந்திருக்கிறார். அவருக்காக நான் கேம்ஸ்டாப்பில் பதிய முடியுமா? – வாசகி, லூட்டன்

பதில்: முடியாது. கேம்ஸ்டாப் என்பது இணையச் சூதாட்டத் தளங்களிலிருந்து ஒருவர் தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் திட்டம், அவரேதான் பதிய வேண்டும். வங்கி ஆப்பில் சூதாட்டத் தடையும் அவரே போடலாம். ஆனால் 0808 8020 133 உதவி எண் குடும்பத்தினருக்கும்தான். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். அவர் சம்மதிக்கும் வரை காத்திருக்காமல் நீங்கள் முதலில் பேசுங்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். விபிஎன் போட்டு பிரிட்டன் தளத்தில் சேரலாமா? லண்டனில் இருக்கும் மச்சான் முகவரி இருக்கிறது. – அடையாறு

பதில்: கூடாது. ஜெயித்தால் சரிபார்ப்பில் மாட்டி, பணமும் போகும், மச்சானுக்கும் தொல்லை.